டிரை கிரீக் வாக்குப்பெட்டி

முதல் வண்டி புதன்கிழமை மதியம் வந்தது. எங்கள் கேட்டுக்கு வெளியே, சாலையோரப் பள்ளத்தை ஒட்டி நிறுத்தினார்கள். யாரும் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. அதில் இரண்டு யாருடையவை என்று எனக்குத் தெரியும். தெரியாத இரண்டைவிட, தெரிந்த அந்த இரண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"திரையை இழுத்து மூடும்மா."

"எதுக்கு? என் வீட்டு ஜன்னல்." அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அதுல ஒண்ணு ஆர்ட் வண்டிதானே?"

"ஆமா."

"காலைலேர்ந்து பட்டினியா இருப்பான். காப்பி கொண்டுபோய்க் கொடுக்கவா?"

"அம்மா, அவன் மடியில துப்பாக்கி இருக்கு."

"ஆர்ட் மடியில துப்பாக்கி இல்லாம எப்போ இருந்தான்?"

நியாயம்தான். எங்கள் ஊரில் நரி ஓட்டவும் துப்பாக்கி, பாம்புக்கும் துப்பாக்கி. ஆனால் ஆர்ட் கோவாரிக் அதை எங்கள் வீட்டைப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எனக்கு ஐந்து வயதில் குதிரை மேல் தூக்கி உட்காரவைத்த மனிதர்.

என் அம்மா லோரீன் நோவாட்னி, டிரை கிரீக் வாக்குச்சாவடியின் மேற்பார்வையாளர். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவள்தான். தேர்தல் அன்று விடியுமுன் ஊர்க்கூடத்தைத் திறப்பாள், அடுப்பு மூட்டுவாள், கசகசா வைத்த கோலாச்சி ரொட்டியை மேசையில் பரப்புவாள். வாக்குப் போட வருகிறவன் முதலில் ரொட்டிதான் எடுப்பான். சாயங்காலம் பெட்டிக்கு முத்திரை போட்டு, இரண்டு பேர் சேர்ந்து அதை மாவட்டத் தலைநகர் மெர்டனுக்கு வண்டியில் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு கட்சியாக இருக்க வேண்டும். எங்கள் சாவடியில் எதிர்க்கட்சியில் பதிந்தவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் முதியோர் இல்லத்தில். மூன்றாவது ஆள் நான். அதனால் அம்மாவும் மகளுமே போகலாம் என்று தேர்தல் அலுவலர் ஜானிஸ் ஒப்புக்கொண்டாள். வேறு வழி அவளுக்கும் இல்லை.

இந்த வருடம் பெட்டியில் இருந்தது சாதாரண வாக்கு இல்லை. ஒன்பதாம் தீர்மானம். தங்கமும் வெள்ளியும்தான் இந்த மாநிலத்தில் பணம், வாஷிங்டனில் இருக்கும் மத்திய வங்கியின் உத்தரவு எதுவும் எங்கள் எல்லைக்குள் செல்லாது, எங்கள் வங்கிகளுக்கு எங்கள் மாநிலமே எசமான் என்று சொல்லும் தீர்மானம். வேண்டுமா, வேண்டாமா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள்.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தது விவசாயப் பொருளாதாரம். அந்தத் தீர்மானம் சட்டத்துக்கு முன்னால் நிற்காது என்று எனக்குத் தெரியும். நின்றால் எங்கள் வங்கிதான் முதலில் சாயும் என்பதும் தெரியும். ஆனால் அம்மாவுக்குப் பதினாறு வயதில், வாஷிங்டனில் ஏதோ ஒரு மேசையில் வட்டியை ஏற்ற, இங்கே அவள் அப்பாவின் டிராக்டரை வாசலில் வைத்து ஏலம் விட்டார்கள். அந்த ஏலத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நின்ற பெண் அவள். அப்படி நின்றவர்களின் பிள்ளைகள்தான் இங்கே பாதி ஊர். அந்தக் கோபத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் கோபத்தில் குளிர்காய்ந்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குளிர்காய்ந்தவர்களில் பெரிய ஆள் வெண்டல் ஹூபர். எங்கள் பக்கத்து நிலக்காரர். மாவட்டத்திலேயே பெரிய மந்தை அவருடையது. ஒன்பதாம் தீர்மானத்துக்கு இங்கே அவர்தான் தலைவர். வேலிக்கம்பம் ஒன்று விடாமல் 'ஒன்பதுக்கு ஆம்' என்று பலகை கட்டியிருந்தார். எங்கள் கம்பத்திலும் கட்டினார். அம்மா எடுக்கவில்லை. "கம்பம் ஆடாம நிக்குது, அதுவரைக்கும் நல்லது" என்றாள்.

டிரை கிரீக்கில் நூற்றுக்கு நூறு 'ஆம்' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 'வேண்டாம்' எழுபத்து நான்கு. 'ஆம்' ஐம்பத்தொன்று. மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது தீர்மானம் சில நூறு வாக்கில் தோற்றிருந்தது.

வாசலில் பலகை கட்டிவிட்டு உள்ளே போய் வேறு மாதிரி குத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை ஒருவன்கூட வாய் திறந்து சொல்ல மாட்டான். சொல்லாதவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் மிச்சம்: பெட்டியில் யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

அதற்குத் தோதாக ஒரு படமும் கிடைத்தது.

செவ்வாய் இரவு நெடுஞ்சாலையில் போன ஹூபரின் ஆள், வெளியூர்க்காரன், எடுத்த படம். சாலையோரம் எங்கள் பிக்கப் நிற்கிறது. இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கிறது. உள்விளக்கு எரிகிறது. இருக்கை மேல் வாக்குப்பெட்டி. சுற்றி ஒரு ஆள் இல்லை. புதன்கிழமை காலை காப்பிக்குள் மாவட்டமே அதைப் பார்த்துவிட்டது. பெட்டி மெர்டனுக்கு முக்கால் மணி நேரம் பிந்தி வந்திருக்கிறது, அதை அனாதையாக விட்டுவிட்டு இவள் எங்கே போனாள் என்று மாநிலமே கேட்டது.

எங்கே போனோம் என்று எனக்குத் தெரியும். மாடு ஓட்டப் போனோம்.

கல்பாலத்துக்கு மேற்கே ஒரு தாழ்ந்த பள்ளம் இருக்கிறது. அங்கே திரும்பும்போது முன்விளக்கில் கண்கள் மினுங்கின. கறுப்பு மாடுகள், இருபது இருபத்தைந்து இருக்கும், சாலை முழுக்க. கறுப்பு ராத்திரியில் கறுப்பு மாடு என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் முன்பு இதே பள்ளத்தில் ஆர்ட்டின் பேத்தி கெர்ரி ஒரு மாட்டில் மோதிச் செத்தாள். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடிவிட்டு வந்துகொண்டிருந்தாள். ஷெரீப் வந்து பார்த்தபோது அந்த மாட்டின் காதில் அடையாள வில்லை இல்லை. யாருடைய மாடு என்று தெரியவேயில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மா பிரேக் மிதித்தாள்.

"அம்மா, பெட்டி."

"பெட்டிக்குக் கால் கிடையாது. மாட்டுக்கு இருக்கு. இறங்குடி."

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். சாலையில் மாடு நின்றால் வண்டியை நிறுத்து. யாருடையது என்று பார்க்காதே. உள்ளே ஓட்டு. அறுந்த வேலியைக் கட்டு. கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போ. மாட்டுக்காரனிடம் போய்ச் சொன்னால், உன் வேலி உளுத்துப்போச்சு என்று அவன் முகத்தில் துப்பியதற்குச் சமம். மறுநாள் அவனே பார்த்துத் தெரிந்துகொள்வான். அவனும் ஒரு வார்த்தை பேச மாட்டான். அடுத்த பனிக்கு நீ எழுந்து பார்த்தால் உன் வாசல் பாதையை யாரோ சுத்தம் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். கணக்கு தீர்ந்தது.

ஹூபரின் மாடுகள் அவை. காதில் மஞ்சள் வில்லை, அவருடைய முத்திரை. நானும் அம்மாவும் மேட்டுக்குப் பின்னால் வரை ஓடி, கத்தி, கை தட்டி உள்ளே விரட்டினோம். முள்கம்பி மூன்று இழையும் துருப்பிடித்து அறுந்திருந்தது. வண்டியின் கருவிப் பெட்டியில் அம்மாவின் குறடு எப்போதும் கிடக்கும். காய்ந்த புல்லில் விழுந்தாலும் தெரிய வேண்டும் என்று தன் கருவிகள் எல்லாவற்றுக்கும் கிளிப்பச்சைச் சாயம் அடித்திருப்பாள். மாவட்டத்தில் அந்தப் பச்சை யாருடையது என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். நான் கைபேசி வெளிச்சம் காட்ட, அவள் கம்பியை இழுத்து முறுக்கினாள். விரல் எல்லாம் ரத்தம். திரும்பி வந்தோம். பெட்டி இருந்தது. முத்திரை அப்படியே இருந்தது. மெர்டனில் ஜானிஸ் அதைத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

குறடு மட்டும் வேலிக்கம்பத்திலேயே தொங்கியபடி நின்றுவிட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன் சாயங்காலம் ஷெரீப்பைக் கூப்பிட்டேன்.

"கேட்டுக்கு வெளில பொதுச்சாலை, ப்ரின். நிக்க அவங்களுக்கு உரிமை இருக்கு."

"உள்ள வந்தா?"

"உள்ள வந்தா கூப்பிடு."

"நீங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"கூப்பிடு" என்று மட்டும் மறுபடி சொன்னார்.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் எடுத்தால் மூச்சுச் சத்தம். சிலர் அம்மாவைத் திட்டினார்கள், அது பரவாயில்லை. ஒரே ஒரு ஆண்குரல், கிட்டத்தட்ட அன்பாக, இப்படிச் சொன்னது: "உங்க வைக்கோல் இந்த வருஷம் நல்லா காஞ்சிருக்கும்மா. மழையே இல்ல பாருங்க." வைத்துவிட்டான். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் கை கிழங்கில் நின்றது. குளிர்காலம் முழுக்க எங்கள் மாடுகள் தின்ன வேண்டிய வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. ஒரு தீக்குச்சி போதும். அவள் எழுந்து பின்வாசலில் நின்று கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயை இழுத்துப் போய் வைக்கோல் ஓரமாகச் சுருட்டிவைத்துவிட்டு, மறுபடி கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

"சொல்லிடும்மா," என்றேன். "ஒரே வரி. ஹூபர் மாடு சாலையில நின்னுது, உள்ள விட்டோம். முடிஞ்சுது."

"முடியாது."

"ஏன் முடியாது? அவன் உன்னைத் திருடின்னு ஊர் பூரா சொல்லிட்டிருக்கான்!"

"அவன் என்ன சொல்றான்ங்கிறது அவன் பாடு. அடுத்தவன் வேலியை நான் மேடையில ஏத்த மாட்டேன்."

"மேடையில ஏத்த வேண்டாம், ஷெரீப் காதுல போடு."

"நான் செத்தப்புறம் உனக்கு மாடு அவுந்தா யாருடி ஓட்டுவா? உன் யுனிவர்சிட்டியா?"

இப்படித்தான் பேசுவாள். பிறகு, கிழங்கைப் பார்த்துக்கொண்டே, "நான் ஆமான்னுதான் போட்டேன்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லாத."

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் அதோடு வந்தது. தான் தோற்க வைத்ததாகச் சொல்லப்படும் தீர்மானத்துக்கு அவளே வாக்குப் போட்டிருக்கிறாள்.

வியாழன் மதியம் ஹூபரே வந்தார். கேட்டைத் தானே திறந்துகொண்டு, தானே மூடிக்கொண்டு, மெதுவாக வண்டியை வாசல்வரை ஓட்டி வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் அவரைப் பார்த்து வழிவிட்டார்கள். தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர் மாதிரிதான் இருப்பார், அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"லோரீன்."

"வெண்டல். காப்பி?"

"வேண்டாம். பசங்க கொஞ்சம் சூடா இருக்காங்க. நான் சொல்லிப் பார்த்தேன்."

"அப்படியா."

"உள்ள புரொபசர் இருக்காளா?" என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஊரில் எனக்கு அந்தப் பெயர் விழுந்து பல வருடம் ஆகிறது. "வாஷிங்டன்காரனுக்கு நம்ம கணக்கெல்லாம் அனுப்பியாச்சா, புரொபசர்?"

"அனுப்பிட்டேன். உங்க மாட்டுக் கணக்குதான் பாக்கி" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. வண்டிக்குள் கை நீட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்ததை எடுத்தார். கிளிப்பச்சைக் கைப்பிடி. அம்மாவின் குறடு.

"இது உன்னுதா, லோரீன்?"

அம்மா கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.

"நல்ல குறடு. நாளைக்கு மெர்டன்ல கூட்டம் இருக்கு. வாக்கை ஏத்துக்கறதா வேண்டாமான்னு மாவட்டக் கமிஷனருங்க முடிவு பண்றாங்க. உன்னைக் கேப்பாங்க. நீ எப்பவும்போல இருந்தாப் போதும். ஒரு பெட்டி தள்ளுபடியானா, அதைச் சாக்கா வச்சு மாநிலம் பூரா மறுபடி எண்ண வச்சுடலாம். உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன். கூட்டம் முடியட்டும், இதைத் தர்றேன்."

"எனக்கு வேற குறடு இருக்கு" என்றாள் அம்மா.

"உன்னை எனக்குத் தெரியும் லோரீன். நீ அந்த மாதிரி ஆள் இல்ல."

குறட்டை மறுபடி முன்கண்ணாடிக்குக் கீழே எறிந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மா ஊமையாக இருப்பாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அவள் எந்தப் பழக்கத்தால் அவர் மாட்டை உள்ளே விட்டாளோ, அதே பழக்கத்தால் அவள் கழுத்தை அறுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

எதற்கு இவ்வளவு? வேலி உளுத்த அவமானம் மட்டுமா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கல்பாலத்துக்கு மேற்கே, அதே பள்ளம், அதே கறுப்பு மாடு, அதே அறுந்த வேலி. மூன்று வருடமாகக் கேட்காமல் விட்ட கேள்வி அங்கே கிடக்கிறது.

"அம்மா, கெர்ரி மோதினது—"

"தெரியாது." சட்டென்று சொன்னாள். "நான் பார்க்கல. பார்க்காததைப் பேசாத."

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் யாரும் இல்லை. எல்லோரும் எங்களுக்கு முன்னே மெர்டனுக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கோர்ட்டுக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் இடுப்பில் துப்பாக்கி. சட்டப்படி குற்றமில்லை. ஐந்து கமிஷனர்கள் மேசைக்குப் பின்னால். ஜானிஸ் ஓரத்தில், கண் வீங்கி. அவளுக்கும் தொலைபேசி வந்திருக்கிறது. நாங்கள் நடந்தபோது வழிவிட்டார்கள், ஆனால் தோள் உரசும் அளவுக்குத்தான் விட்டார்கள். ஒருவன் என் காதருகே குனிந்து, "வைக்கோல் நனைஞ்சுதா?" என்றான். அந்த அன்பான குரல். திரும்பிப் பார்த்தேன். முன்பின் தெரியாத முகம். சின்னப் பையன், என் வயது.

கமிஷனர்களின் தலைவர் அந்தப் படத்தைக் காட்டினார். "லோரீன், இது உன் வண்டிதானே?"

"ஆமா."

"பெட்டியை விட்டுட்டு எங்க போனீங்க?"

"வழியில ஒரு வேலை இருந்தது."

"என்ன வேலை?"

அம்மா மேசையைப் பார்த்தாள். "செய்ய வேண்டிய வேலை."

பின்னாலிருந்து கூச்சல் எழுந்தது. "பெட்டி மாத்தற வேலையா?" "வாஷிங்டன் எவ்வளவு குடுத்தான்?" "கம்பி எண்ண வைங்க அவளை!" தலைவர் மேசையைத் தட்டினார். "லோரீன், நீ சொல்லலைன்னா டிரை கிரீக் வாக்கைத் தள்ளுபடி பண்ணி, விஷயத்தை அரசு வக்கீலுக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. புரியுதா? ஜெயில் வரைக்கும் போகும்."

"புரியுது."

ஹூபர் சுவரில் சாய்ந்து, கை கட்டி நின்றார். முகத்தில் வருத்தம்கூட இருந்தது. சொல்லப்போனால் அம்மாவைவிட அவர்தான் பரிதாபமாகத் தெரிந்தார்.

நான் எழுந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் பதியும்படி பிடித்தாள். உதறினேன்.

"மாடு சாலையில நின்னுது. உள்ள விட்டோம். வேலியைக் கட்டினோம். அந்த முக்கால் மணி நேரத்துல நடந்தது அவ்வளவுதான்."

கூச்சல் குறைந்தது. முழுக்க அடங்கவில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் சிரித்தான்: "மாடாம்!" உள்ளூர்க்காரர்கள் சிரிக்கவில்லை.

"யார் மாடு?" என்றார் தலைவர்.

"ப்ரின்," என்றாள் அம்மா. என் வாழ்நாளில் அவள் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"ஹூபர் மாடு."

சுவரோரம் அவர் தலையை ஆட்டினார். "என் மாடு எல்லாம் வேலிக்குள்ளதான் இருக்கு. பாவம், அம்மாவைக் காப்பாத்தப் பார்க்குது பொண்ணு. நான் தப்பா எடுத்துக்கல."

"அப்ப எங்க பச்சைக் குறடு எப்படி உங்க வண்டிக்குள்ள வந்துச்சு? முன்கண்ணாடிக்குக் கீழ கிடக்கு. நேத்து எங்க வாசல்ல வந்து காட்டினீங்களே."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஆர்ட் கோவாரிக் எழுந்தார். இரண்டு நாளாக எங்கள் கேட்டில் நின்றவர். மெதுவாக, என்னிடம் இல்லை, அம்மாவிடம் கேட்டார்.

"லோரீன். எந்த இடம்?"

அம்மா மறுபடி மேசையைப் பார்த்தாள்.

"வேலியைப் பத்தி நான் கேக்கல. இடத்தைத்தான் கேக்கறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கல்பாலத்துக்கு மேற்கே, ஆர்ட்."

எங்கள் ஊர்க்காரன் ஒவ்வொருவனுக்கும் அந்தப் பள்ளம் தெரியும். அங்கே சாலையோரம் கெர்ரிக்கு நட்ட வெள்ளைச் சிலுவையும், பிளாஸ்டிக் பூவும் தெரியும். ஆர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஹூபரின் வண்டிக் கதவை இழுத்தார். எங்கள் ஊரில் வண்டியைப் பூட்டுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. கதவு திறந்தது. குனிந்தார். நிமிர்ந்தார்.

மேலே வந்து குறட்டை மேசையில் வைக்கவில்லை. அம்மாவின் கையில் கொடுத்தார். அதன் பிறகு ஹூபருக்கு எதிரே போய் நின்றார். ஒரு கை தூரம்தான் இருக்கும். நான் அவர் இடுப்பையே பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

"காதுல இருந்த வில்லையை என்ன பண்ணின, வெண்டல்?"

ஹூபர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஆர்ட், அது... அன்னைக்கு நான்..."

ஷெரீப் நடுவில் வந்து நின்றார். மூன்று நாளில் அவர் வந்து நின்ற முதல் இடம் அதுதான். ஆர்ட் கையைத் தூக்கவே இல்லை. திரும்பி நடந்தார். அவர் பின்னால் எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக, ஒன்றும் பேசாமல், வெளியேறினார்கள். அதில் எத்தனை பேர் 'வேண்டாம்' குத்தினவர்களோ. மூன்று நாளில் ஒருவனாவது சொல்லியிருந்தால் நாங்கள் வைக்கோலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க்குழாய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அதை நான் மறக்க மாட்டேன்.

கூடத்தில் மிச்சம் நின்றவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குப் பள்ளமும் தெரியாது, கெர்ரியும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது தீர்மானம் தோற்றது, அதற்கு நாங்கள் காரணம், இப்போது அவர்கள் தலைவர் ஹூபரையும் நாங்கள் கவிழ்த்துவிட்டோம் என்பதுதான். கமிஷனர்கள் நாலுக்கு ஒன்று என்று டிரை கிரீக் வாக்கை ஏற்றுக்கொண்டார்கள். கைதட்ட ஆள் இல்லை. அன்பான குரல்காரன் வாசலில் நின்று, எங்கள் வண்டி எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். ஒளிக்கவில்லை, நன்றாகத் தெரியும்படியே எடுத்தான்.

ஜானிஸ் விடவில்லை. வாக்குமூலம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பப் பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா ஓட்டினாள். குறடு எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது.

"நீ சொன்னது சரிதான்," என்றாள் கடைசியில். "ஆனா இனிமே நம்ம மாடு அவுந்தா நம்மதான் பார்க்கணும்."

"ஆர்ட் வருவாரு."

"ஆர்ட்டுக்கு வயசாச்சு."

கல்பாலம் தாண்டினோம். பள்ளத்தில் இறங்கினோம். முன்விளக்கில் கண்கள் மினுங்கின.

அதே மாடுகள். அதே இடம். சாலை முழுக்க.

அம்மா பிரேக் மிதித்தாள். வண்டி நின்றது. வேலியின் மேல் வெளிச்சம் விழுந்தது. செவ்வாய்க்கிழமை அவள் முறுக்கிய முடிச்சு கம்பத்தில் அப்படியே இருந்தது. கம்பி அவிழவில்லை. முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி, மூன்று இழையும் நறுக்கென்று, பளபளக்கும் நுனியோடு, வெட்டுப்பட்டிருந்தன.

"துரு இல்லம்மா. வெட்டியிருக்காங்க."

"தெரியுது."

மேட்டுக்கு மேலே, விளக்கு அணைத்த வண்டி ஒன்றின் விளிம்பு வானத்தில் தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. ஹூபர் ஆளா, வெளியூர்க்காரனா, ஒருவேளை ஹூபரைப் பழிவாங்க வந்த ஆர்ட்டா. ஆர்ட்டாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே, அதுதான் என்னை உறைய வைத்தது.

"போயிடலாம். வளைச்சு ஓட்டு, அம்மா. ஷெரீப்பைக் கூப்பிடறேன்."

"அதுக்குள்ள எவளாவது பள்ளிக்கூடத்துப் பொண்ணு வந்துட்டா?"

அம்மா குறட்டை எடுத்தாள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அப்படியே நின்றாள். மேட்டைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் எந்த வண்டியிலும் சாவி அதன் இடத்தைவிட்டு வெளியே வந்தது கிடையாது. வயலிலும், தேவாலயத்திலும், மெர்டன் கடைவீதியிலும் அது அங்கேயேதான் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவசரம் என்றால் எடுத்து ஓட்டிக்கொண்டு போவான்.

"ப்ரின்," என்றாள் அம்மா, திரும்பாமல். "சாவியை எடுத்துக்கோ. ரெண்டு கதவையும் பூட்டிட்டு வா."

எடுத்தேன். எஞ்சின் நின்றது. மாடுகள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மேட்டுக்கு மேலே ஒரு கதவு திறக்கும் சத்தமும் கேட்டது.